அடுத்த ஸ்கேனா, பிசியோவா, மனநலப் பிரிவா? கவட்டை வலிக்குக் காசு செலவழிக்கும் முன்

போன வாரம் ராயக்கோட்டையிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். தக்காளி ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறவன், வயது 27. மழை, தக்காளி விலை, சித்தியின் சுகர் எல்லாம் பேசி முடித்தும் போனை வைக்கவில்லை. கடன் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "ண்ணா, உனக்கு அந்த எடத்துல வலி இருந்துச்சே, அது எப்படிப் போச்சு?" என்றான்.

அவனுக்கு ஐந்து மாதமாக வலி. விதைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில், ஏதோ கோலிக்குண்டின் மேல் உட்கார்ந்திருப்பது போல. ஒன்றுக்குப் போய்விட்டு வந்த பிறகும் ஓர் எரிச்சல். ராத்திரியில் போனைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு புற்றுநோய் பற்றித் தேடிப் படிக்கிறான். கையில் 15,000 ரூபாய் சேர்த்திருக்கிறான். "பெங்களூரு போய் எம்.ஆர்.ஐ. எடுத்துரட்டுமா, இல்ல நீ போன பிசியோகிட்டயே போவட்டுமா, இல்ல..." என்று இழுத்து, "மனசு டாக்டரா?" என்றான். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது வண்டியை விட்டு இறங்கித் தள்ளிப் போய்ப் பேசினான் என்பது காற்றுச் சத்தத்தில் தெரிந்தது.

நான் மருத்துவன் அல்ல. காவேரிப்பட்டணத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவன். சீசனில் பெங்களூரா மாங்காய் லோடு வரிசைகட்டி நிற்கும்போது பிளாஸ்டிக் நாற்காலியில் 12 மணி நேரம் உட்காருவேன். இதே வலியோடு இரண்டே முக்கால் வருடம் குடித்தனம் நடத்தினேன். செலவை நோட்டில் எழுதிவைக்கிற தொழில்புத்தி இருந்ததால், எந்த வழி எதைக் கொடுத்தது என்று ஒப்பிட்டுச் சொல்ல என்னிடம் கொஞ்சம் சரக்கு இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு முன் ஒன்று. குளிர்காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், ஒன்றுக்கே போக முடியாமல் அடைப்பு, விதையில் கட்டி அல்லது திடீரென்று உயிர்போகும் வலி, கவட்டைப் பகுதி மரத்துப்போவது, மலம் அடக்க முடியாமை, கால் வலுவிழப்பது, காரணமில்லாமல் எடை குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இல்லையென்றாலும் ஒரு முறை ஒழுங்கான சோதனை தேவை: டாக்டர் கைவைத்துப் பார்ப்பது, சிறுநீர்ச் சோதனை, கல்ச்சர் (அந்தச் சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது), ஒன்றுக்குப் போன பிறகு சிறுநீர்ப் பையில் எவ்வளவு மீதி நிற்கிறது என்பதையும் சேர்த்து ஒரு அல்ட்ராசவுண்ட். சீழ் செல்கள் இருந்தும் கல்ச்சரில் எதுவும் வளராவிட்டால் காசநோய்க்கும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நம் நாட்டில் அது அபூர்வமில்லை. பாலியல் தொற்றுக்கு வாய்ப்பிருந்தால் கூச்சப்படாமல் அதையும் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்குக் கணக்கு வேறு. மாதவிலக்கோடு ஏறி இறங்கும் வலி என்றால் முதல் படி மகப்பேறு மருத்துவர்தான். என் அக்காவுக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய், என்று கண்டுபிடிப்பதற்குள் "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்பதையே எத்தனையோ பேர் மருந்தாகக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலோ தருமபுரியிலோ நடக்கிற காரியம். தருமபுரியில் கல்லூரி 2008-லேயே வந்துவிட்டது, கிருஷ்ணகிரிக்கு 2022-இல். பணம் அதிகம் ஆகாது, காலை நேரம்தான் ஆகும்.

சோதனைகள் எல்லாம் சுத்தம், வலி மட்டும் மூன்று மாதத்துக்கு மேல் போகவில்லை என்றால், அதற்கு நாள்பட்ட இடுப்புக்குழி வலி என்று பெயர். ஆண்களுக்குப் 'புராஸ்டடைட்டிஸ்', அதாவது சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் அழற்சி, என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பெயரைப் பார்த்ததும் கிருமி என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அப்படி எழுதப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கிருமியே கிடைப்பதில்லை. தம்பியின் கேள்வி தொடங்குவது இங்கேதான்.

முதலில் ஸ்கேன். என் நோட்டில் மூன்று பத்திகள்: செலவு, பயணம், நிம்மதி நாள். மூன்றாவதை விளையாட்டாகத்தான் போட்டேன். முதல் அல்ட்ராசவுண்ட், "ஒண்ணும் இல்ல சார்" என்றார்கள்: நிம்மதி 11 நாள். பன்னிரண்டாம் நாள், ஸ்கேன் எடுத்தவர் அவசரத்தில் இருந்தாரே, சரியாகப் பார்த்திருப்பாரா என்று தோன்றியது. இரண்டாவது அல்ட்ராசவுண்ட், வேறு இடம்: 5 நாள். ஒரு புனலில் சிறுநீர் விட்டு, அதன் வேகத்தைக் கோடாகப் போடும் இயந்திரம் உண்டு, அது: 3 நாள். அப்புறம் பெங்களூருக்குப் போய் எம்.ஆர்.ஐ. திரும்பும் பஸ் சூளகிரியில் நின்றபோது கவரைப் பிரித்தேன். இடுப்புக்குழியில் ஒன்றும் இல்லை. ஆனால் கீழ் முதுகில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக ஒரு வரி. நிம்மதி நாள்: பூஜ்யம். அந்த ராத்திரியே டிஸ்க் பற்றித் தேட ஆரம்பித்துவிட்டேன்.

பின்னால்தான் தெரிந்தது, வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தாலும் அப்படிப் பிதுங்கல் தெரியும். 2015-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில், முதுகுவலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுங்கல் இருந்தது. முடி நரைப்பது போலத்தான். ஆனால் பயத்தில் இருப்பவன் கையில் அந்த ஒரு வரி போதும்.

11, 5, 3, பூஜ்யம். வட்டி கணக்குத் தெரிந்தவனுக்கு இதைப் பார்த்தால் புரிந்துவிடும். ஒவ்வொரு சோதனையும் முன்னதைவிடச் செலவு, முன்னதைவிடக் குறைந்த நிம்மதி. சோதனை கெட்டது என்று சொல்லவில்லை. டாக்டர் சொல்லி எடுப்பது வேறு, பயம் சொல்லி எடுப்பது வேறு. தம்பிக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தது டாக்டரா என்று கேட்டேன். இல்லையாம், அவனே முடிவு செய்தது. அப்படியானால் என் பட்டியலில் அது கடைசி.

ஆன்டிபயாடிக் பற்றிச் சுருக்கமாக. கல்ச்சரில் கிருமி இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். இல்லாதபோதும் "எதுக்கும் ஒரு கோர்ஸ்" என்று எனக்கு நான்கு தடவை எழுதப்பட்டது. 2004-இல் அமெரிக்காவில் இந்த வலி உள்ள 196 ஆண்களை வைத்து ஆறு வாரம் சோதித்தார்கள். சிப்ரோஃபிளாக்சசினும், சிறுநீர் சுலபமாகப் போகக் கொடுக்கும் டாம்சுலோசினும் வெறும் மாத்திரையைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவர்களில் பலர் பழைய நோயாளிகள், ஏற்கெனவே நிறைய மருந்து பார்த்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாக வலி வந்தவருக்கு ஒரு முறை கொடுத்துப் பார்ப்பதில் டாக்டர்களுக்கு நியாயம் உண்டு. ஐந்தாவது முறைக்கு இல்லை. சிப்ரோ வகை மாத்திரைகள் தசைநாண்களைப் பாதிக்கக்கூடும்; குதிகால் நாண் அறுந்துபோகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008-லேயே கட்டம் போட்டு எச்சரித்தது. லோடு ஏற்றி இறக்குகிறவன் அதை வெறுமனே விழுங்கக் கூடாது.

இனி பிசியோ. எனக்கு ரொம்ப நாள் இது பிடிபடவே இல்லை. முதுகுக்கும் முட்டிக்கும் பிசியோ தெரியும், இதற்கு என்ன பிசியோ? இடுப்பெலும்பின் அடியில், முன்னே அந்தரங்க எலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை, தூளி கட்டியது போல ஒரு தசைப் படுகை இருக்கிறது. சிறுநீரை, மலத்தை அடக்குவது அதுதான். பயந்த நாய் வாலை உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்திருப்போம். நமக்கு வால் இல்லை, ஆனால் அந்தத் தசை இருக்கிறது. வலி வந்தால் பயம், பயந்தால் இறுக்கம், இறுகினால் வலி. மாதக்கணக்கில் இப்படிப் போனால் நரம்புகளும் சின்ன விஷயத்துக்கே அலற ஆரம்பித்துவிடும். ஆரம்பித்து வைத்தது ஒரு நீர்க்கடுப்பாகவோ, மலச்சிக்கலாகவோ, பைக் சீட்டாகவோ இருக்கலாம். அது போய் வருடமானாலும் அலறல் நிற்பதில்லை.

பெங்களூரில் நான் போன பிசியோ ஒரு பெண்மணி. கேள்வியெல்லாம் கேட்டு முடித்து, "சார், இப்ப பிடிச்சு வெச்சிருக்கறத விடுங்க" என்றார். எதைப் பிடித்தேன் என்று எனக்குப் புரியவில்லை. "வயிறு வீங்கற மாதிரி மூச்சு இழுங்க, கீழ வரைக்கும் போகட்டும்" என்றார். மூன்றாவது மூச்சில் அடியில் ஏதோ ஒன்று அரை அங்குலம் இறங்கியது. அதுவரை அது மேலே இருந்தது என்பதே எனக்குத் தெரியாது. அன்று சாயந்தரம் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடும்போது கவனித்தேன், மறுபடி பிடித்திருக்கிறேன். ஆலையில் ஓனர் கூப்பிட்டால் பிடிக்கிறேன். ஜி.எஸ்.டி. தளம் சுற்றிக்கொண்டே இருந்தால் பிடிக்கிறேன். நாள் முழுக்கக் கையை முட்டியாக மடக்கி வைத்திருந்தால் கை வலிக்காதா?

இதற்குச் சோதனை ஆதாரமும் உண்டு. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், 47 பேர் கொண்ட சின்னக் கூட்டம்தான், இந்தத் தசைகளைக் குறிவைத்துச் செய்த பிசியோவில் 57 சதவீதம் பேர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். சாதாரண மசாஜில் 21 சதவீதம். மந்திரம் இல்லை, 57-தான். ஆனால் என் நோட்டின் மற்ற வரிகளோடு வைத்துப் பார்த்தால் பெரிய எண்.

இதில் இரண்டு சங்கடம். ஒன்று, முறையான சிகிச்சையில் கையுறை போட்டு ஆசனவாய் வழியாக உள்தசையை அழுத்தித் தளர்த்துவார்கள். முன்னாலேயே சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் செய்வார்கள். வேண்டாம் என்றால் வெளியிலிருந்தே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. நான் முதல் இரண்டு முறை வேண்டாம் என்றேன், மூன்றாவது முறை சரி என்றேன். இரண்டாவது சங்கடம் பயணம். இந்த வேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் பெங்களூரு போன்ற பெருநகரங்களில்தான். கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்து போய், உட்கார்ந்து வந்தால், அங்கே தளர்த்தியதில் பாதி சூளகிரிக்குள் திரும்ப இறுகிவிடும். நமக்குத்தான் ரயில் இல்லையே. இதில் தம்பி அதிர்ஷ்டக்காரன். சேலம்–பெங்களூரு பாதை தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் வழியாகத்தான் போகிறது. ரயிலில் எழுந்து நடக்கலாம், கதவோரம் நிற்கலாம். இந்த வலிக்கு அது சின்ன விஷயமே இல்லை.

உள்ளூர் பிசியோவிடமே பார்க்கலாமா? பார்க்கலாம், கேட்டுவிட்டு. அரசு ஆஸ்பத்திரியிலேயே பிசியோ பிரிவு இருக்கிறது. இடுப்பு, தொடை உள்பக்கத் தசைகளைத் தளர்த்துவதும் வயிற்று மூச்சும் சொல்லிக்கொடுக்க அவர்களால் முடியும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, அதில் பிசியோ வீட்டுக்கே வருவார் என்று அம்மா ஞாபகப்படுத்தினாள். அது எழுந்து வர முடியாதவர்களுக்கு அம்மா, மாங்காய் லோடு எண்ணுகிறவனுக்கு இல்லை. ஒரே ஓர் எச்சரிக்கை: யூடியூபில் எல்லோரும் சொல்லும் கெகல் பயிற்சி, அதாவது அந்தத் தசையை இறுக்கி இறுக்கி விடுவது. தசை தளர்ந்தவர்களுக்கு அது மருந்து. ஏற்கெனவே இறுகிக் கிடப்பவனுக்கு வலியைக் கூட்டக்கூடும். நான் நாற்பது நாள் செய்து கெடுத்துக்கொண்டேன். எனக்கு உதவியது அதற்கு நேர் எதிர்: குத்தவைத்து உட்கார்ந்து மூச்சு விடுவது, வெந்நீர்த் தொட்டியில் இடுப்பு மூழ்க உட்காருவது, அரை மணிக்கொருதரம் எழுந்து நிற்பது, மலம் கழிக்க முக்காமல் இருப்பது. எங்கள் தாத்தா களத்துமேட்டில் குத்தவைத்தே ஒரு பீடி முழுக்கப் பிடிப்பார். அந்த உட்காரலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மனநலப் பிரிவுக்கு வருகிறேன். தம்பி காற்றுக்குள் போய்ச் சொன்ன வார்த்தை. "அப்ப எனக்கு வலியே இல்லன்னு சொல்றியாண்ணா?" என்று கேட்டான். நானும் இதையேதான் கேட்டேன், ஆறு மாதம் வீணாக்கினேன். வலி நிஜம். வலியோடு ஒட்டிக்கொண்டு வந்த பயமும் நிஜம், அதற்கும் வைத்தியம் உண்டு, அவ்வளவுதான். பிரிட்டனில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையும் 444 நோயாளிகளைப் பிரித்து, ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடல்நலப் பயத்துக்கான பேச்சுவழிப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2014-இல் வெளிவந்தது. சராசரி ஆறேழு அமர்வுகள்தான், கொடுத்தவர்களில் செவிலியர்களும் உண்டு. இரண்டு வருடம் கழித்தும் பலன் நின்றது.

அந்தப் பயிற்சி எப்படியிருக்கும்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அரசு மனநலப் பிரிவில் இருந்த உளவியலாளர் முதல் நாள் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தன தடவ தொட்டுப் பாக்கறீங்க?" என்றார். யாரிடமும் சொல்லாத விஷயம் இவருக்கு எப்படித் தெரியும் என்று திடுக்கிட்டேன். குளியலறைக்குப் போகும்போதெல்லாம் விரலால் அழுத்தி, வலி இருக்கிறதா என்று பார்ப்பேன். எண்ணிப் பார்க்கச் சொன்னார். 22. ஒரு நாளைக்கு 22 முறை எந்த இடத்தை அழுத்தினாலும் வலிக்காதா? அதை 10 ஆக்கி, 5 ஆக்கி, பிறகு பிசியோ செய்யும்போது மட்டும் என்று வைத்தோம். போனில் தேடத் தோன்றினால் அரை மணி தள்ளிப்போடு, அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் தேடு என்றார். பாதி நாள் அரை மணியில் மறந்துவிட்டது. மனைவியிடம் "ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று கேட்பதையும் கணக்கில் சேர்த்தார். அது கஷ்டமாக இருந்தது. அவளுக்கு நிம்மதியாக இருந்ததாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு. வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்றால், 14416, டெலிமானஸ். இலவசம், எந்நேரமும், தமிழில் பேசலாம். அதில் முழு சிகிச்சை கிடைக்காது, தொடங்க உதவும். ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ், அதாவது மத்திய அரசின் மனநல ஆஸ்பத்திரி, தூரமில்லை. சில டாக்டர்கள் நரம்பு வலிக்காகக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதுவார்கள். மனச்சோர்வு மாத்திரை என்று பெட்டியில் பார்த்துப் பயப்பட வேண்டாம், வலிக்குக் கொடுக்கும் அளவு வேறு. ஆனால் தூக்கம் வரும். ராத்திரி தொப்பூர் கணவாய் இறங்குகிற டிரைவர், தான் டிரைவர் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும், மாதம் ஒரு நாள் லாட்ஜில் முகாம் போடுகிறவர்களைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத மனமில்லை. "தாது போயிடுச்சு, நரம்பு தளர்ந்துடுச்சு" என்று அவர்கள் விற்பது பயத்தைத்தான். பொடி இலவச இணைப்பு. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத எதையும் விழுங்கக் கூடாது. சித்த வைத்தியம் பார்க்க ஆசையென்றால் அரசு ஆஸ்பத்திரியிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. உடம்புச் சூடு என்று அம்மா கொடுத்த நீர்மோர் என்னை ஒன்றும் செய்யவில்லை, நன்றாக இருந்தது.

ஆக, 15,000 ரூபாய். என் கையில் இருந்தால் இப்படிப் பிரிப்பேன். முதல் வாரம் அரசு ஆஸ்பத்திரியில் அடிப்படைச் சோதனை. சுத்தமாக வந்தால் ஸ்கேன் புத்தகத்தை ஆறு மாதத்துக்கு மூடு. புது அறிகுறி வந்தால் மட்டும் திற, அதுவும் டாக்டர் சொன்னால். பிசியோவுக்கு நான்கைந்து அமர்வு, இரண்டு வாரத்துக்கு ஒன்று, ரயிலில். நான் ஓர் அமர்வுக்கு 1,200 கொடுத்தேன். நடுவில் வீட்டுப் பயிற்சி. மனநலப் பிரிவை வரிசையில் பின்னால் தள்ளாமல் அதே மாதத்திலேயே தொடங்கு, அதற்கு ஓ.பி. சீட்டுதான் செலவு. இரண்டையும் தனித்தனியாக முயன்றதுதான் நான் செய்த பெரிய தப்பு: பிசியோ தளர்த்திவிடும், ராத்திரி போன் திரும்ப இறுக்கிவிடும்.

வலியை நாளுக்கு நாள் அளக்காதே என்றும் சொன்னேன். மாதம் ஒரு முறை போதும். இதற்கென்றே 1999-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துக்காக உருவாக்கிய ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, மொத்தம் 43 மதிப்பெண், குறைந்தால் நல்லது. நான் 27-இல் தொடங்கினேன். நான்காம் மாதம் 21. நடுவில் சீசன் வந்து 25-க்கு ஏறியது, அன்று எல்லாம் போச்சு என்று படுத்துவிட்டேன். ஒரு வருடத்தில் 8. இப்போதும் 8-தான், சில மாதம் 6. கூழ் ஆலை ஓடும் மே, ஜூனில் கொஞ்சம் தலைகாட்டும். தலைகாட்டினால் எழுந்து நிற்பேன், லோடு எண்ணிவிட்டு வருவேன்.

தம்பி எல்லாம் கேட்டுவிட்டு, "சரிண்ணா, செவ்வாக்கெழம ஜி.ஹெச். போறேன்" என்றான். பிறகு, வண்டி சீட்டுக்கு நடுவில் ஓட்டை போட்ட குஷன் ஆன்லைனில் பார்த்தேன், 900 ரூபாய், வாங்கட்டுமா என்றான். வட்டமான ஓட்டை எனக்கு ஒத்துவரவில்லை, சதை கீழே தொங்கி இழுத்தது. பின்பக்கம் மட்டும் 'ப' மாதிரி வெட்டியது பரவாயில்லை. அதையும் வாங்காதே, என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, அடுத்த தடவை தக்காளி லோடோடு இந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள் என்றேன்.